கல் வீட்டில் ஒரு மெழுகுப் பொம்மை

என் மகாராணிக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நான் காவல் காக்கிற கல் வீடு முந்நூறு வருஷத்துப் பழசு; இப்போது அருங்காட்சியகம். ஒரு கல்தச்சன் தனக்கும் பெண்டாட்டிக்கும் கட்டிய ஒற்றை அறை. குளிர் புகாதிருக்கச் சுவரைத் தடியாகவும் ஜன்னலைச் சின்னதாகவும் வைத்தவன், கூரை உத்தரத்தை என் நெற்றிக்கு நேராக வைத்துவிட்டான்.

நேற்று மழை. பார்வையாளர் யாருமில்லை. காட்சிக்கு வைத்திருந்த பழைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு அடுப்போரம் கண்ணயர்ந்துவிட்டேன்.

திடீரென்று கன்னத்தில் ஒரு கை.

"மெழுகுப் பொம்மைங்க! அசல் மனுஷன் மாதிரியே செஞ்சிருக்காங்க" என்று ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"வாங்கம்மா" என்றேன்.

அவள் போட்ட அலறலில் துள்ளி எழுந்து உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டேன். வேலை போச்சு என்றே நினைத்தேன். அவளோ சிரித்துச் சிரித்து என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். வீக்கம் வடிந்துவிட்டது, பயப்படாதே.

கண்ணைத் திறக்கும்வரை அது உன் கை என்றுதான் நினைத்தேன்.

ஊரிலிருந்து இங்கே வருகிறவர் யாரிடமாவது ஒரு தலையணை உறை கொடுத்தனுப்பு. புதுசு வேண்டாம், உன்னுடையதே போதும். துவைக்காதே.

மேனேஜர் கூப்பிடுகிறார்.

உன் வீட்டுக்காரன்