இடது சோணை

மருதமுனை
03.02.2025

ஹாஜறாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் பூனையும் சுகம். பிள்ளை பெற்ற மகளும் பேரப்பிள்ளையும் எப்படி? போனில் நீ கதைப்பது நுளம்பு இரைகிற மாதிரிக் கேட்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். அரிசி மில் சத்தத்தில் வலது காது போனது உனக்குத் தெரியும். இப்போது இடதுக்கும் ஆபத்து.

நாடி தப்பித் துடிக்கிறதாம். இரத்தம் கட்டிப்பட்டு மூளைக்கு ஏறினால் பாரிசவாதமாம். இரத்தம் இளக்கும் குளிசை வயிற்றில் இரத்தம் கசிய வைத்ததால் நிறுத்திவிட்டார்கள். "இடது சோணையை அடைச்சிரலாம்" என்கிறார் டொக்டர் கோகுலன். பள்ளியில் வாத்தியார் பிடித்துத் திருகிய அதே காதுச் சோணை! நெஞ்சைத் திறந்தும் கட்டலாமாம், தொடை வழியாகக் குழாய் விட்டும் மூடலாமாம். காதை அடைக்கத் தொடையால் போகிறவரை நம்பலாமா? எழும்பி வந்துவிட்டேன்.

மூன்று நாளாகக் கருவாடுதான்.

ஒற்றைக் காதன்,
பக்கீர் முகைதீன்

மாவனல்லை
10.02.2025

றுஸ்னாவின் வாப்பாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

கடிதத்தை வாசித்து மகள் சிரித்த சிரிப்பில் பிள்ளை எழும்பிவிட்டது. அவள் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள்தானே. இதயத்தின் மேலறைக்குச் சோணையறை என்று பேராம். இடதறையில் காது மாதிரி ஒரு சின்னப் பை ஒட்டியிருக்குமாம். இரத்தம் அதில் தேங்கித்தான் கட்டிப்படுமாம். அடைப்பது அதைத்தான். உங்கள் தலையில் இருப்பதை யாரும் தொடமாட்டார்கள். நாற்பது வருசம் நான் சொன்ன ஒன்றும் ஏறாத காதுக்கு இவ்வளவு காவலா?

உங்கள் கூடப்பிறந்த காக்கா பாரிசவாதத்தில் மூன்று வருசம் பேச்சில்லாமல் கிடந்ததை மறந்துவிட்டீர்களா? எனக்குப் பயமாக இருக்கிறது. போய் டொக்டரைப் பாருங்கள்.

ஹாஜறா

மருதமுனை
18.02.2025

ஹாஜறா,

போனேன். அந்தக் காதுக்கு ஏதும் கேட்குமா என்று விசாரித்தேன். "ஒண்டும் கேக்காது ஐயா" என்றார். அப்படியானால் அடையுங்கள் என்றேன். தொடை வழியாகவே போதுமாம். 27ஆம் திகதி, வியாழக்கிழமை, கண்டியில்.

ஓடி வந்ததன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காதும் போனால் உன் ஏச்சு கேட்காது. நீ போய் இருபது நாள், வீடு செத்துக் கிடக்கிறது. இதை மகளுக்கு வாசித்துக் காட்டாதே.

பக்கீர் முகைதீன்

மாவனல்லை
24.02.2025

றுஸ்னாவின் வாப்பாவுக்கு,

வாசித்துக் காட்டவில்லை. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

பதில் எழுதவேண்டாம். கண்டி இங்கிருந்து ஒரு மணித்தியாலம். மகளைச் சம்பந்தி பார்த்துக்கொள்வா. கருவாடு தின்றதற்கு, டொக்டரிடமிருந்து எழும்பி ஓடியதற்கு, எல்லாவற்றுக்கும் ஏச்சு சேர்த்து வைத்திருக்கிறேன். மயக்கம் தெளிந்து நீங்கள் கண் திறந்ததும் தொடங்குவேன்.

கட்டிலுக்கு இடது பக்கமாகத்தான் இருப்பேன்.

ஹாஜறா