செயற்கைக்கோளைக் காட்டிக்கொடுத்த மாமியார்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உங்க முட்டிவலி தேவலையா?

போன வாரம் எங்க செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு மையத்துல ஒரே கூத்து. நாங்க இடம் மாத்திக்கிட்டிருந்த டிவி செயற்கைக்கோள், வழியில இன்னொரு செயற்கைக்கோளை நெருங்கிடுச்சு. திரையில ரெண்டு புள்ளி. எது நம்மதுன்னு யாருக்கும் பிடிபடல. தப்பாக் கணிச்சா ரெண்டும் மோதிக்கும். ஆன்டெனாவை ஒரு புள்ளிப் பக்கம் திருப்பினேன். "கண்ணுல தூசி"ன்னு சொல்லிக்கிட்டே ஒரு சீரியல் பார்ப்பீங்களே, அந்த மாமியாரோட ஒப்பாரி கேட்டுச்சு. அந்த சேனல் எங்க செயற்கைக்கோள் வழியாத்தான் வருது. "இதான் நம்மது!"ன்னு கத்தினேன். மேனேஜர் கைகுடுத்துட்டு, பாவி மனுஷன், சத்தத்தை அணைச்சுட்டார்.

அந்த சீரியல்ல கோவிச்சுக்கிட்டுப் போன மருமக வீடு திரும்பினாளா? போன்ல நீங்களே சொல்லுங்க. அம்மா ஒரே வரியில முடிச்சுடுவா. டியூட்டிக்குக் கூப்பிடுறாங்க. இங்கேயும் தூசி கொஞ்சம் ஜாஸ்திதான்ப்பா.

உங்க மக