மச்சாளின்ரை மக்கரோனி

செவ்வாய்க்கிழமை, இரவு

கிட்ட இருக்கிற எட்மண்டனிலிருந்து என்ரை மனுசன்ரை அக்கா வந்தா. தேத்தண்ணி கூட ஒழுங்காப் போடத் தெரியாத மச்சாள், ஒரு டப்பாவிலை மக்கரோனி கொண்டு வந்தா. நான் பெத்த பிள்ளை அபி அதை ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். "மாமி, நாளைக்கும் கொண்டு வாங்கோ" எண்டாள்.

முந்தி அவளுக்கு என்ரை இடியப்பமும் சொதியும் எண்டால் உயிர். அதாலைதான் ஒவ்வொரு கீமோ நாளும் விடியவே எழும்பி அதை அவிச்சு, வயிறு நிறையக் குடுத்துக் கூட்டிக்கொண்டு போனன். பிறகு நாள் முழுக்க, திண்டதெல்லாம் சத்தியா வெளியிலை. இப்ப சொதி மணத்துக்கே மூக்கைப் பொத்திறாள். விருப்பமான சாப்பாட்டை கீமோ நாளிலை குடுக்கக் கூடாதாம். மருந்து செய்யிறதுக்குச் சாப்பாட்டிலை பழி விழுமாம். நேர்ஸ் இப்பதான் சொல்லுறா.

போகேக்கை மச்சாள், "என்ரை கைப்பக்குவம் பிள்ளைக்குப் பிடிச்சிட்டுது" எண்டு சிரிச்சா. நானும் சிரிச்சன்.

வியாழன் அடுத்த கீமோ. "அண்டைக்கு விடியவே மக்கரோனி கொண்டு வாங்கோ மச்சாள்" எண்டு ஃபோனிலை எழுதி வைச்சிருக்கிறன். அனுப்பவும் இல்லை. அழிக்கவும் இல்லை.