இடம் மாறிப் பூட்டிய பிரேக்

என் ஆசை மச்சான் ரவிக்கு,

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு நான் ஒரு பக்கம் எழுதித் தரவேண்டுமாம். "உங்களை விட்டா அவரைப் பற்றி எழுத வேற ஆர் அண்ணை இருக்கினம்?" என்று வதனி கேட்டாள். என் தங்கை கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்? அவளை உனக்குக் கட்டிக்கொடுத்தவனும் நான்தானே. ஆறு நாளாகக் கடதாசியின் முன் இருக்கிறேன். பாசமிகு கணவன், பண்புள்ள தந்தை என்று எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். உனக்குச் சொல்லவேண்டியதை உனக்கே எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நீ வேகமாக ஓடினாய் என்கிறார்கள். பாலத்தடிச் சரிவில், சிவப்பு விளக்குக்கு நின்ற பஸ்ஸில் இடிக்காமல் காரைத் திருப்பிச் சுவரில் மோதினாய். தெருவில் பிரேக் பிடித்த தடமே இல்லை என்று பொலிஸ் சொன்னது. சனத்துக்கு அது போதும். செத்த வீட்டில் உன் முகத்தைப் பார்த்தே வதனி உன்னை ஏசினாள். "எத்தினை தரம் சொன்னனான், மெல்ல ஓடுங்கோ எண்டு. கேட்டவரே?"

நீயா வேகம்? அந்தப் பழைய மொரிஸ் மைனர் காரில் நீ போகும்போது சைக்கிள்காரன் பின்னால் நின்று மணியடிப்பான். ஆமைக்கு அண்ணன் என்று உன்னைப் பகிடி பண்ணியவன் நான்.

பிரேக்கை மாற்றுவோம் என்றதும் நான்தான். அறுபது வயதுக் காரின் டிரம் பிரேக் மொன்றியல் தெருக்களுக்குக் காணாது, டிஸ்க் பிரேக் போடுவோம் என்று உன்னைக் கரைச்சல்படுத்தினேன். உடைந்த கார்கள் கிடக்கும் யார்டில், சேற்றில் முழங்காலிட்டு, சில்லுத் தட்டை இறுக்கிப் பிடிக்கும் கலிப்பர் இரண்டையும் நானே கழற்றி எடுத்தேன். எது இடது, எது வலது என்று சோக்கால் எழுதியும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலில் கார்ப் பூசை. பத்தரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் சில்லைத் தேசிக்காயில் ஏற்றி நசித்துவிட வேண்டும் என்று நீ அந்தரப்பட்டாய். காலையில் உன் கராஜுக்கு வந்தால், கலிப்பர் இரண்டையும் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் பூசித் தட்டில் வைத்திருக்கிறாய். "பழைய சாமான் மச்சான். ஆற்றையோ கண்ணூறு இருந்தாலும் போகட்டும்" என்றாய். சிரித்தேன். சோக் எழுத்து அழிந்திருந்ததைக் கண்டும் சிரித்தேன். ஒரு நிமிடம் நின்று யோசித்திருந்தால் எது எந்தப் பக்கம் என்று கண்டுபிடித்திருப்பேன். உத்தேசமாக, இதுதான் இடது என்று பூட்டினேன். கழுவியது உன் பிழையில்லை, மச்சான்.

காற்றை வெளியேற்றும் சின்ன ஆணி மேற்பக்கம் இருக்கவேண்டும். இடதும் வலதும் மாறினால் அது கீழே போய்விடும். எண்ணெய் வெளியே வரும், காற்று உள்ளேயே நிற்கும். காற்று நின்றால் மிதித்தாலும் பிரேக் சரியாகப் பிடிக்காது. நீ ஏறியிருந்து பெடலை மிதித்தாய். நான் கீழே படுத்து ஆணியைத் திறந்து மூடினேன். "பெடல் பஞ்சு மாதிரிப் போகுது" என்றாய். எனக்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் மணி ஒன்பதரை தாண்டிவிட்டது. "புதுப் பிரேக் அப்பிடித்தான். ரெண்டு தரம் மிதி, பழகச் சரிவரும்" என்றேன். நீ நம்பினாய். கோயில் வாசலில் தேசிக்காய் நசிந்த பின்னும் கார் நிற்காமல் இரண்டடி உருண்டது. ஐயரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம்.

பிறகு இரண்டு வாரந்தான் ஓடினாய்.

உன்னை எரித்த மூன்றாம் நாள், நொறுங்கிய காரைத் தேடி, அதை இழுத்துப் போட்டிருந்த யார்டுக்குப் போனேன். அதன் பிரேக்கை ஒருவரும் பார்த்திருக்கவில்லை. நான் குனிந்து பார்த்தேன். இரண்டு ஆணியும் கீழ்ப்பக்கம். அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். அங்கே வேலை செய்பவன் தண்ணீர் தந்து பிரெஞ்சில் ஏதோ ஆறுதல் சொன்னான்.

அந்தச் சரிவில் எத்தனை தரம் மிதித்தாய்? என் சொல்லை நம்பித்தான் மிதித்தாயா?

அதற்குப் பிறகும் தினமும் உன் வீட்டில்தான் சாப்பிடுகிறேன். வதனி எனக்குத்தான் முதலில் போடுகிறாள். நேற்று உன் மகள் ஆரணி பக்கத்தில் வந்திருந்து கேட்டாள். "மாமா, பப்பா ஏன் மெதுவா ஓடேல்லை? எங்களை நினைக்கேல்லையோ?" பதினொரு வயதுப் பிள்ளை. நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். என் பிழையைச் செத்த உன் தலையில் கட்டிவிட்டு உன் வீட்டுச் சோற்றைத் தின்கிறேன். இதைவிடக் கேவலம் உண்டா? உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்டாலும் யார் தருவது?

நாளை ஞாயிறு. மலர் அச்சுக்குப் போகுமுன் இந்தப் பக்கத்தை உன் வீட்டு மேசையில் இருந்து வதனி, ஆரணி இருவருக்கும் வாசிப்பேன். ஒரு சொல்லும் விடமாட்டேன், இது சத்தியம். வதனி என்னை வாசலோடு துரத்தட்டும். தன் அப்பா மெல்லத்தான் ஓடினார் என்று ஆரணிக்குத் தெரியவேண்டும்.

நாளை வரைக்குமாவது
உன் மச்சான்,
தயாபரன்