நம் வீட்டுக்குப் பின்னால் மட்டும் வளையும் பாதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனிலேயே பேசியிருக்கலாம், ஆனால் பேசினால் நடுவில் நான் கத்துவேன், நீ அழுவாய், விஷயம் அந்தரத்தில் நின்றுவிடும். அதனால்தான் கடையைச் சாத்திவிட்டு, பஞ்சர் ஒட்ட வந்த சைக்கிள்களை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

நீ பிறப்பதற்கு முன்பே ரயில் நின்றுபோன பாதை அது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் நம் வரிசையின் பின்வாசல்கள், அந்தப் பக்கம் தையல் அத்தை வரிசையின் பின்வாசல்கள், நடுவில் புல்லும் துணிக்கொடியும்தான். நகரத்தோடு நின்றுவிடும் மின்சார ரயிலை அதே பாதையில் நம் பக்கம்வரை நீட்டப்போகிறார்கள் என்றதும் இந்தத் தெருவில் முதலில் குதித்தவன் நான். நீ வேலை செய்யும் அலுவலகத்தில்தான் வரைபடம் போடுகிறார்கள் என்று வேறு பெருமை. இப்போது இரட்டைப் பாதை வேண்டுமாம், ஏதாவது ஒரு பக்கத்து வீடுகளின் பின்பகுதி போகும், அது நம் வரிசைதான் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள். நம் சமையலறையும் உன் பழைய அறையும் போகும். உன் அம்மா இரண்டு நாள் மூக்கைச் சிந்தினாள். பிறகு அவளாகவே அடுப்பை முன்னறைக்குக் கொண்டுவந்துவிட்டாள். இப்போது டிவி பார்த்துக்கொண்டே சமைக்கிறாள், குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுகிறது, அதை நான் சொல்லக்கூடாது.

போன வாரம் அளக்கிறவர்கள் வந்து சிவப்பு அடித்த முளைகளை வரிசையாக நட்டுக்கொண்டே வந்தார்கள். கோடி வீட்டிலிருந்து எல்லாம் நம் பக்கமே வந்தது. நானும் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். நம் வீட்டுக்கு முந்தின வீட்டோடு முளை எதிர்ப்பக்கம் தாவிவிட்டது. நம்மைத் தாண்டியதும் மறுபடி இந்தப் பக்கம் வந்துவிட்டது. எதிரே எல்லா முளையும் தையல் அத்தை வீட்டுக்குள். பின்வாசலில் ஒன்று, அவள் மிஷின் போட்டிருக்கிற அறைக்கு நடுவில் ஒன்று. அவளுக்கு இருப்பதே அந்த அறையும் முன்னால் படுக்கிற இடமும்தான். மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவள் கையில் யாரோ கொடுத்த சட்டை அப்படியே இருந்தது, கீழே வைக்கவும் தோன்றவில்லை அவளுக்கு.

அளக்கிறவர்களின் மேற்பார்வையாளர் குடிக்கத் தண்ணீர் கேட்டு வந்தார், அவரிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். அவரே சலித்துக்கொண்டார். "நாங்களும் கேட்டுப் பாத்துட்டோம் சார், நேராப் போனா ரயிலும் வேகமாப் போகும், எங்களுக்கும் வேலை சுலபம். தலைமை அலுவலகத்துல டிசைன் பாக்குற மேடம் ஒருத்தங்க கடைசி நேரத்துல இந்த ஒரு இடத்த மட்டும் வளைச்சிட்டாங்க. அவங்களுக்கும் இந்தப் பக்கம்தான் ஊராம்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் போனபிறகுதான் அந்த மேடம் யார் என்று எனக்கு உறைத்தது.

நீ அன்றைக்கு போனில், பின்சுவருக்கும் எதிர்வீட்டுப் பின்சுவருக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது, சும்மாதான் கேட்கிறேன், அளந்து சொல்லுங்கள் அப்பா என்றாயே. வீட்டில் டேப் ஏது. தையல் அத்தையிடம்தான் வாங்கினேன். நம் சுவரில் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் அவள் தரையில் குறி வைத்து வைத்து, அவள் வீட்டுச் சுவர்வரைக்கும் போனாள். போய் நின்றுகொண்டு, "சரியா எழுதிக்கங்க அண்ணா, பொண்ணு கேட்டிருக்கா, தப்பாச் சொல்லிடாதீங்க" என்றாள். தன் வீட்டை இடிக்க அவளே அளவெடுத்துக் கொடுத்திருக்கிறாள். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் பேயறைந்த மாதிரி உட்கார்ந்தவள்தான், அன்றைக்கு அடுப்பே பற்றவில்லை.

நீ நமக்காகத்தான் செய்தாய். அது எனக்குத் தெரியாதா. "வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா, நான் இருக்கேன்ல" என்று நீ சொன்னபோது எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று நினைத்தால் இப்போது கூசுகிறது. உன் பள்ளிக்கூட உடுப்பு ஒவ்வொன்றும் அவள் தைத்தது. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனால் நீ தூங்கியது அவள் வெட்டுத்துணிக் குவியலில். அதெல்லாம் உனக்கு மறந்திருக்காது. மறக்காமலே இப்படிச் செய்திருக்கிறாய் என்பதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை.

நேற்று அவள் வந்தாள். நான் எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அழவில்லை, ஒருத்தரையும் திட்டவில்லை. "அண்ணா, யார் போட்ட கோடோ தெரியல, இந்த வயசுல மிஷினத் தூக்கிக்கிட்டு நான் எங்க போவேன். நம்ம பொண்ணு அங்கதானே இருக்கா. அத்தைக்காக ஒரு வார்த்தை கேட்கச் சொல்லி ஒரு லெட்டர் போடுங்களேன்" என்றாள். சரி என்றேன். இதுதான் அந்த லெட்டர்.

கோட்டை நேராக்கிவிடு. நாங்கள் தயாராகத்தான் இருக்கிறோம், உன் அறையிலிருந்த புத்தகங்களைக்கூடக் கட்டி வைத்தாயிற்று. மேலே என்ன சொல்வார்களோ, வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயமாக இருந்தால் உண்மையைச் சொல்லு, பெற்றவர்கள் வீடு என்று கைதவறிவிட்டது என்று சொல்லு. அவமானம் வந்தால் நம் வீட்டோடு போகட்டும், எதிர்வீட்டுக்குப் போக வேண்டாம். அத்தையிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், அது நீ நேரில் வந்து சொல்ல வேண்டியது.

கோபத்தில் எழுதியதாக நினைக்காதே. கோபம்தான், ஆனாலும் நீ என் பெண். தீர்க்காயுசாக, நல்ல மனசோடு நீங்கள் இருவரும் இருக்க வேண்டும். குளிர்காலம், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு
உன் அப்பா

அந்த டேப் இன்னும் நம் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. திருப்பிக் கொடுக்க அம்மா தண்டவாளம்வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டாள். நீ வந்து கொடு.