போதும் என்று சொல்லத் தெரியாத மீன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம், சளிகூட இல்லை. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

பண்ணை மீன்கள் தின்னும் தீவனத்தில் எவ்வளவு உடம்பில் ஒட்டும், எவ்வளவு வீணாகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதுதானே என் வேலை? போன வாரம் அதில் ஒரு கூத்து. என் கம்ப்யூட்டர் மீனுக்கு வயிறு நிறையும் என்பதையே எழுத மறந்துவிட்டேன். அது போடப்போடத் தின்றது. அந்தக் கணக்கை நம்பித் தொட்டியில் தீவனம் போட்டதில், மிச்சம் அழுகி, நிஜ மீன்கள் மூச்சுத் திணறி மேலே வந்துவிட்டன.

தீவனம் போடும் அண்ணன்தான் பார்த்து, ஓடிப்போய்த் தண்ணீரை மாற்றினார். ஒன்றுகூடச் சாகவில்லை. "அது வயிறும்மா, கோணிப்பை இல்ல" என்று சிரித்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். தப்பு என்னுடையது என்று மேலாளரிடம் நானே சொல்லிவிட்டேன். வேலை போகவில்லை, பயப்படாதீர்கள்.

ஏன் மறந்தேன் தெரியுமா? நம் வீட்டில் "போதும்மா" என்று கத்தினாலும் நீங்கள் அந்த நெளிந்த கரண்டியால் இன்னொரு தடவை வைப்பீர்கள். நானும் தின்பேன்.

தொட்டிக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன். பார்சல் அனுப்பினால் அந்த நெளிந்த கரண்டியையும் வையுங்கள். இங்கே சாப்பாடு பரிமாறுகிறவர்களிடம் நான் போதும் என்றால், உடனே நிறுத்திவிடுகிறார்கள்.

உங்கள் சின்னவள்