உன் மாமா கொடுத்த வாக்கு

அன்பு மகள் லுவாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, மனதைப் பற்றி மட்டும் கேட்காதே. சீனாவில், நான்நிங் நகரத்தில் உனக்குப் பயிற்சி நல்லபடி நடக்கிறது, தோள்வலி குறைந்திருக்கிறது என்று நம்பி எழுதுகிறேன். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், ஆடி முடித்த வியர்வையோடு காற்றில் நிற்காதே. லிச்சி மரத்தைக் கழித்துவிடுகிறேன் என்று ஏறி அப்பா முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார், பயப்பட ஒன்றுமில்லை.

போன வாரம் உன் தாத்தாவின் திதி. படைத்து முடித்துப் பாயில் எல்லோரும் உட்கார்ந்ததும், உன் மாமா துவானுக்கு அரிசிச் சாராயம் உள்ளே போய் வாய் திறந்துகொண்டது. மாகாண மேசைப்பந்து அணியின் பயிற்சியாளர் அல்லவா, கேட்க வேண்டுமா. போன வருடம் தேசியப் போட்டி அரையிறுதியில் நீயும் மியெனும் மோத வேண்டி வந்தபோது, ஒரே அணிதானே, "இந்தத் தடவை அவளுக்கு விட்டுக்குடு, அடுத்த வருஷம் உன் முறை" என்று உன்னிடம் சொன்னவன் அவன்தான். இரண்டு முறை பட்டம் வென்ற நீ அழுதுகொண்டே தோற்றாய். இந்த வருடம் அதே அரையிறுதியில் உன் முறை என்று நம்பி நீ கையைத் தளர்த்தி ஆட, அவள் முதல் பந்திலிருந்தே அடித்து நொறுக்கினாள். நீ சுதாரிப்பதற்குள் ஆட்டம் கையை விட்டுப் போயிற்று. துரோகி என்று நாம் மியெனைத்தானே திட்டினோம். சந்தையில் அவள் அம்மா சிரித்தபோதுகூட நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மாமா சொல்கிறான், "மியென்கிட்ட நான் ஒண்ணும் சொல்லவே இல்லக்கா. லுவாவுக்கு வயசாச்சு, தோளும் போச்சு. அந்தப் பொண்ணு இன்னும் பத்து வருஷம் ஆடுவா" என்று. தாத்தா படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே. "அவ உன் அக்கா மகடா" என்றேன். "அதனாலதான் உரிமையா செஞ்சேன். வேற பொண்ணா இருந்தா புகார் குடுத்திருப்பாளே" என்றான். குண்டு விழுந்த நாட்களில் இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். திதிக்கு வந்தவனைப் பாயிலிருந்து எழுப்பக் கூடாதே என்று சோறு போட்டேன். போகும்போது எல்லோருக்கும் கட்டிக் கொடுக்கும் படையல் பங்கை அவனுக்கு மட்டும் கட்டவில்லை. வாசலில் சற்று நேரம் நின்று பார்த்தான், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் மியென் வீட்டுக்குப் போனேன். "அக்காவுக்குத் தோள் வலி, அதான் மெதுவா ஆடுறாங்கன்னு நினைச்சேன் பெரியம்மா. அடுத்த தடவ நான் விட்டுக்குடுத்துடுறேன்" என்று அழுதாள். வாயை மூடுடி என்று அதட்டிவிட்டு நானும் அழுதேன். அவளுக்கு நாலு வரி எழுதிப் போடு.

வசந்தகாலப் போட்டிக்குக் கட்டாயம் வா. எதிரே யார் நின்றாலும் ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்காதே, யார் கொடுத்தாலும் வாங்காதே. தைலத்தை இரவில் மறக்காமல் தேய். நம் முன்னோர் உன் கூடவே இருந்து காக்கட்டும். மாமா உனக்குத் தொலைபேசியில் பேசுவான், இந்தத் தடவை நிச்சயம் உன் முறை என்பான். மரியாதையாகப் பேசு, ஆனால் அவன் சொல்வதில் ஒரு வார்த்தையையும் நம்பாதே. என் தம்பியைப் பற்றி என் மகளுக்கு நானே இப்படி எழுத வேண்டியதாகிவிட்டது.

உன் அம்மா